வாய்க்கால் வீட்டை அப்பா காலத்துக்குத் திருப்பிய விவரம்

உத்திரமேரூர்
தை 2

அன்புள்ள தேவகி அக்காவுக்குத் தம்பி தினகரன் வணங்கி எழுதுவது. இங்கு நானும் கீதாவும் நலம். உன் முழங்காலின் நலமறிய ஆவல். இரண்டு நாளாக நீ போனை எடுக்காததால் இக்கடிதம்.

அப்பா காலத்தில் இல்லாததால், நம் வாய்க்கால் வீட்டுக் கூடத்தின் மேற்குச் சுவரில் இனி காலண்டர் மாட்டுவதில்லை என்று சென்ற ஞாயிறன்று தீர்மானம் நிறைவேறியது. நானும் தச்சர் சடையப்பனும் ஆதரித்தோம். கீதா வெளிநடப்பு செய்தாள்.

"உள்ளே எல்லாம் அப்பா காலத்தில் இருந்தபடி இருந்தால் விற்க வேண்டாம், இல்லையென்றால் தை கடைசியில் விற்றுவிடலாம்" என்றாய். எனக்குக் கடைசிவரை இங்கேயே இருக்க ஆசை. ஆகவே மூன்று மாதமாக டைல்ஸைப் பெயர்த்து, பெயின்டைச் சுரண்டி, அப்பா பூசிய சுண்ணாம்பைக் கண்டுபிடித்து, அவர் போட்ட தேக்கு ஜன்னல் கதவுகள் பன்னிரண்டையும் கழற்றி, எண்ணெய் பூசுமுன் வெயிலில் காய வேண்டும் என்று சடையப்பன் சொன்னதால் வாய்க்கால் கரையில் அடுக்கி, புதுப் பலகைகளோடு கலந்துவிடாதபடி ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் 'பழசு' என்று எழுதிவைத்தேன். காலண்டர் இல்லாததால் மறுநாள் போகி என்பது நினைவில் இல்லை. விடியற்காலை தெருவே நெருப்பைச் சுற்றி நின்றது. நானும் போய்க் குளிர்காய்ந்து, "நல்லா நின்னு எரியுதே" என்று பாராட்டினேன். சாம்பலில் நம் பித்தளைக் கொண்டியைப் பார்த்த பிறகுதான் பாராட்டை நிறுத்தினேன்.

எதிர்வீட்டு செங்கேணியம்மாளிடம் கேட்டேன். "இன்னா நைனா, நீதான பழசுன்னு எய்தி வெச்சிக்கீற? இடுப்பு ஒடிய நாங்கதான் தூக்கிக்கினு வந்து போட்டோம். தாங்ஸ் சொல்லாம பேஜார் பண்ணிக்கினு கீறியே!" என்றாள். நான் தாங்ஸ் சொன்னேன்.

நீயே யோசிச்சுப் பாருக்கா. அந்தக் கதவுகளை அப்பா போட்டது உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம். அதுக்கு முன்னாடி ஜன்னலில் சாக்குதான் தொங்கிச்சாம். செங்கேணியம்மாளே சாட்சி. ஆக, நீ கேட்டது அப்பா காலம், நான் தாத்தா காலத்துக்கே போய்ச் சேர்ந்துட்டேன். சாக்கும் வாங்கியாச்சு.

அத்தானுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள்.

உன் தம்பி,
தினகரன்

பி.கு.: தெரு வாட்ஸ்அப் குழுவில் போகி வீடியோவைப் போட்டிருக்கிறார்கள். அந்தக் குழுவில் நீயும் இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். காவாந்தண்டலத்திலிருந்து ஒருவர் நீ அனுப்பியதாகச் சொல்லி டேப்போடு வந்திருக்கிறார். கூடத்தை அளந்து முடித்துவிட்டார். இப்போது அடுப்படியில் இருக்கிறார்.