துணிச்சாமி

துணிச்சாமி வந்து இறங்கிய நாளிலிருந்து ஊர்ப் பெண்களுக்கு டாக்டரே தேவையில்லாமல் போய்விட்டது. படுக்க வேண்டாம், காட்ட வேண்டாம், அட, நேரில் வரக்கூட வேண்டாம். உடுத்திய துணி ஒன்றைப் புருஷன் கையில் கொடுத்தனுப்பினால் போதும். சாமி அதைத் தம் மஞ்சள் தீர்த்தத்தில் முக்குவார். சிவந்தால் கருப்பையில் புற்று, சிவக்காவிட்டால் சுத்தம். சிவந்தவர்களுக்கு லேகியம் உண்டு. கட்டணம் கிடையாது, காணிக்கைதான். கட்டணத்தைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான்.

பெண்டாட்டியின் சேலையைக் கொடியில் காயப்போடவே கௌரவம் பார்க்கும் ஆண்கள், அதைப் பையில் போட்டுக்கொண்டு காலை ஆறு மணிக்கே வரிசையில் நின்றார்கள். எதிரே சுகாதார நிலையத்தில், திரை மறைத்த அறையில், இலவசப் பரிசோதனைக்கு ஆள் வராமல் நர்சம்மா ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

சலவைக்கடைக்காரிக்கு இதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தது. அவள் தம்பி பெண்டாட்டிக்கு நாலு மாதமாய் நாள் தவறி உதிரம் படுகிறது. பரிசோதனைக்கு வா என்றால் தம்பி விடமாட்டேன் என்கிறான்.

“சாமி பாத்துட்டாருக்கா. துணி சிவக்கல. அவளுக்கு ஒண்ணுமில்ல.”

“சோப்புப் போட்டுத் தொவச்சாளாடா?”

“சோப்பு தீந்துபோச்சு. வெறும் தண்ணியில அலசிக் குடுத்தா. ஏன்?”

அவளுக்குச் சுருக்கென்றது. மானத்துக்குப் பயந்து நுரை பொங்கத் துவைத்துக் கொடுத்த வீட்டிலெல்லாம் நோய். சோப்பில்லாத வீட்டில் ஆரோக்கியம்! மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்பது துவைக்கிற யாருக்கும் தெரியும். ஆனால் துவைத்தது பெண்கள், துணியைத் தூக்கிக்கொண்டு போனது ஆண்கள். அப்புறம் எங்கே விளங்கும்?

மறுநாள் அந்த வரிசையில் முதல் பெண்ணாகப் போய் நின்றாள். தம்பியையும் இழுத்துப் போயிருந்தாள். முறை வந்ததும் மடித்த வெள்ளைத் துணியொன்றை நீட்டினாள்.

“எனக்கு வேண்டியவங்க துணி சாமி. நல்லா பாத்துச் சொல்லுங்க.”

முக்கினார். குப்பென்று சிவந்தது. சாமி கண்களை மூடிக்கொண்டார்.

“முத்திப்போச்சும்மா! கருப்பை பூரா புண்ணு. மூணு மாசம் தாங்காது.”

“அய்யய்யோ! மூலையில கடைக்குறி போட்டிருக்கேன், படிங்க சாமி.”

சாமி படிக்கவில்லை. பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார்: “சாமி, மேல்துண்டு.”

“நேத்து நீங்க வெளுக்கப் போட்டதுதான். சலவைச் சோடாவை அலசாம காயவச்சேன். உங்க கருப்பையில எத்தன மாசமா புண்ணு சாமி?”

கேட்ட கையோடு, கொண்டுவந்திருந்த சோப்புக்கட்டியைத் தீர்த்தத்தில் போட்டுக் கலக்கினாள். பாத்திரமே சிவந்தது.

“அடப்பாவமே, அண்டாவுக்கும் புத்துநோய்!”

சிரிப்பு அடங்குவதற்குள் சாமி பின்வாசலைக் கண்டுபிடித்துவிட்டார். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. நேரே வீட்டுக்கு ஓடி மனைவியைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்து வந்தான்.

பத்து நாளில் முடிவு வந்தது. புற்றுதான், ஆனால் ஆரம்ப நிலை, குணப்படுத்திவிடலாம் என்றாள் நர்சம்மா. ‘சுத்தம்’ என்ற அந்த ஒரு சொல்லை இன்னும் கொஞ்ச நாள் நம்பியிருந்தால்? சலவைக்கடைக்காரி அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

வெளியே இப்போது பெண்கள் வரிசை. ஒரு கணவர் மட்டும் தயங்கித் தயங்கி வந்து கேட்டார்:

“இங்கயும் துணிய மட்டும் குடுத்தனுப்பினா பாக்க மாட்டாங்களா?”

“துணியில இருக்கற அழுக்க நான் பாத்துக்கறேன்யா,” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “உங்க தலையில இருக்கறத நீங்கதான் தொவைக்கணும்.”