அரையிறுதிக்கு வந்த ஆடு

வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவனுக்கு எந்த ஆட்டமும் கஷ்டமே இல்லை. யார் எங்கே நிற்க வேண்டும், யாரை உட்கார வைத்து யாரை இறக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆடுகிறவர்களுக்கும் ஆட வைக்கிறவருக்கும் மட்டும் அது எப்படியோ தெரியாமல் போய்விடுகிறது. மீசை சரியாக முளைத்த வயதில் நான் அப்படி ஒரு வேலியோர மேதையாக இருந்தேன். வெண்ணந்தூரில் என்னைவிட விவரமானவன் கிடையாது என்பது என் கருத்து. (அந்தக் கருத்து வேறு யாருக்கும் இருந்ததாக ஞாபகம் இல்லை.)

அறுபதுகளின் தொடக்கம் அது. ஊரில் பாதி வீடுகளில் தறி. சாயங்காலம் தறிச் சத்தம் ஓய்ந்தால் பூப்பந்துச் சத்தம் ஆரம்பிக்கும். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் வலை. எங்கள் ஊர் அணியை ராசிபுரம் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த காரணம்தான் கொஞ்சம் வருத்தமானது. கோடையில் சேந்தமங்கலத்தில் நடக்கும் பெரிய போட்டியில் வருஷா வருஷம் அரையிறுதி வரைக்கும் ஜம்மென்று போவார்கள். அரையிறுதியில் தோற்பார்கள். இறுதி ஆட்டத்தை எங்கள் ஊர்க்காரர்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்கள், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் நின்றுகொண்டு.

ஏன் தோற்கிறார்கள் என்பதை ஆராய்வதற்கு ஊரில் ஓர் இடம் இருந்தது. பழனியின் சலூன். முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களைவிட இதற்காக வருகிறவர்கள் அதிகம். "முன்னாடி நிக்கறவன மாத்தோணும்" என்பான் ஒருவன். "அவனில்லீங்க, பின்னாடி நிக்கறவனுக்கு வெயிலு கண்ணுல அடிக்குது" என்பான் அடுத்தவன். ஆட்டத்துக்கு முந்தி சாப்பிட்ட இட்லிதான் காரணம் என்று ஒரு கட்சி, இட்லி பத்தாததுதான் காரணம் என்று ஒரு கட்சி. பழனி கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே தீர்ப்பு சொல்வார். அவர் கத்தி யார் தொண்டையில் இருக்கிறதோ அந்த ஆள் மட்டும் எல்லாவற்றுக்கும் சரி என்பான்.

நான் இந்தச் சில்லறைக் காரணங்களை ஏற்றுக்கொள்ளவில்லை. எல்லாத் தோல்விக்கும் ஒரே காரணம் மேனேஜர்தான் என்பது என் முடிவு. மேனேஜர் என்றால் கந்தசாமி மாமா. சாயப்பட்டறை வைத்திருந்தார். விரல் நகமெல்லாம் எப்போதும் நீலமாகவோ சிவப்பாகவோ இருக்கும். ஆட்டம் நடக்கும்போது தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வலைக்கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கத்த மாட்டார், திட்ட மாட்டார், ஆளை மாற்ற மாட்டார். ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் எல்லோருக்கும் பானகம் கொடுப்பார். அவ்வளவுதான் அவருடைய நிர்வாகம்.

"பானகம் ஊத்தறதுக்கு மேனேஜர் எதுக்குங்க? கோயில் பூசாரி போதும்" என்று சலூனில் ஒருநாள் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப் போய்விட்டது. தினமும் போய்ப் புதிது புதிதாகச் சொன்னேன்.

இதில் ஒரு சின்ன சங்கடம் இருந்தது. அந்தக் கந்தசாமி மாமாவின் மகள் சரோஜாவைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூளை உள்ள எவனாவது அந்த நேரத்தில் அவரை ஊரறியத் திட்டுவானா? எனக்குச் சரோஜாவைப் பிடித்திருந்தது. மாரியம்மன் கோயில் தெருவில் தண்ணீர்க் குடத்தோடு அவள் எதிரே வந்தால் எனக்கு நடையே மாறிவிடும். ஆனாலும் பூப்பந்து வேறு, கல்யாணம் வேறு என்று நினைத்தேன். (இரண்டும் ஒரே வீட்டில்தான் இருந்தன என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.)

அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏஞ்சாமி, உனக்குப் பொண்ணு குடுக்கற மனுசன சந்தியில நிறுத்திப் பேசறயே, உனக்குப் புத்தி இருக்குதா? அவங்க ஊட்டுக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்?"

அவள் போகவேண்டிய அவசியமே வரவில்லை. கந்தசாமி மாமாவே சலூனுக்கு வந்துவிட்டார். நான் பழனியின் நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு, "நான் மட்டும் மேனேஜரா இருந்தா" என்று ஆரம்பித்திருந்தேன். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

"ஏனுங்க மாப்ள, நிறுத்திட்டீங்க? சொல்லுங்க" என்றார். நான் நுரையோடு நுரையாக உட்கார்ந்திருந்தேன். அவர் இடுப்பிலிருந்து பந்துப் பெட்டியின் சாவியை எடுத்து என் மடியில் வைத்தார். "இந்த வருசம் நீங்களே டீமைப் பாத்துக்கோங்க. அஞ்சு பேரைக் கட்டி மேய்க்கறதைப் பாத்துட்டு, மத்த பேச்சைப் பேசிக்கலாமுங்க."

மத்த பேச்சு எது என்று சலூனில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். பழனி கத்தியைக் கழுவிக்கொண்டே, "தம்பி, பாதி மீசையோட போகாதீங்க, உக்காருங்க" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அணியும் சரோஜாவும் ஒன்றாகிவிட்டார்கள். அணி அரையிறுதியைத் தாண்டினால் அவள் கிடைப்பாள், இல்லாவிட்டால் இல்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் அம்மா தினமும் பிள்ளையாருக்கு விளக்குப் போட ஆரம்பித்தாள். பூப்பந்துக்காக விளக்குப் போட்ட முதல் பெண்மணி அவளாகத்தான் இருக்கும்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. சேலத்து மில் அணியை நான் கவனித்திருந்தேன். வெள்ளை வெளேரென்று, மடிப்புக் கலையாத சட்டை. எங்கள் ஆட்கள் ஐந்து பேரும் ஐந்து நிறத்தில், துவைத்துத் துவைத்துத் துணியா காற்றா என்று தெரியாத சட்டைகளில் நிற்பார்கள். தோற்க வந்தவர்களைப் போலவே இருக்கும். விறைப்பான சட்டை போட்டால் ஆட்டமும் விறைப்பாகும் என்று கண்டுபிடித்தேன். பழைய சட்டைகளை வாங்கிக் கந்தசாமி மாமாவின் பட்டறைக் கந்தல் மூட்டையில் போடச் சொன்னேன். எங்கள் தறித் துணியிலேயே ஐந்து வெள்ளைச் சட்டை தைத்தேன். கேப்டன் தங்கவேலு தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க. பயிற்சி எப்பங்க?" என்றான். பயிற்சியைப் பிறகு பார்க்கலாம் என்றேன்.

மில்காரர்களின் சட்டைக்குச் சலவைக்காரர் கஞ்சி போடுவார். நாங்கள் நெசவாளிகள். கஞ்சிக்கு நாங்கள் இன்னொருவரிடம் போவதா? தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவோம். அந்த நூலுக்குப் பாவு என்று பேர். அந்தக் கஞ்சி சலவைக் கஞ்சி மாதிரி இல்லை. தறியில் அத்தனை அடி வாங்கியும் நூல் அறாமல் இருக்க வேண்டுமே, அதற்காகக் கெட்டியாகக் காய்ச்சுவது. பாவு நூலையே தாங்குகிற கஞ்சி ஒரு சட்டையைத் தாங்காதா என்று கணக்குப் போட்டேன்.

"டேய், அது பாவுக் கஞ்சிடா" என்றாள் அம்மா.

"எல்லாம் கஞ்சிதானம்மா" என்றேன். ஒரு முறை போட்டுக் காயவைத்தேன், போதவில்லை என்று தோன்றியது, மறுபடியும் போட்டேன், அதற்குமேலும் போட்டேன். காய்ந்த சட்டையைச் சுவரோரம் வைத்தேன். அது தானாக நின்றது. எனக்கு ஒரே பெருமை. அந்த நேரம் பார்த்துச் சரோஜா தெருவில் குடத்தோடு போனாள். நிற்கிற சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வேகமாக நடையைக் கட்டினாள். மலைத்துப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சேந்தமங்கலத்தில் முதல் ஆட்டங்களைப் பனியனோடு ஆடவிட்டேன். புதுச் சட்டை அரையிறுதிக்கு மட்டும் என்று ரகசியமாக வைத்திருந்தேன். வழக்கம்போல ஜெயித்தார்கள். அரையிறுதியில் எதிரே சேலத்து மில் அணி. மூன்று ஆட்டம், இரண்டு ஜெயித்தவர் இறுதிக்குப் போகலாம். எங்கள் ஊரே பஸ் ஏறி வந்திருந்தது. கூட்டத்தில் தலையில் துண்டோடு, மடியில் ஒரு துணிப்பையோடு கந்தசாமி மாமாவும் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஐவரும் வெள்ளைச் சட்டையில் இறங்கியபோது கைதட்டல் காதைப் பிளந்தது. கொஞ்ச நேரத்தில் அது குறைந்தது. கைகள் உடம்போடு ஒட்டாமல் ஐந்து பேரும் சிறகு விரித்த கோழிகளைப் போல நடந்தார்கள். தலைக்கு மேலே வந்த பந்துக்குத் தங்கவேலு மட்டையை ஓங்கினான். கை தோளுக்கு மேல் போகவில்லை. பலம் கொடுத்துத் தூக்கினான். அக்குளில் டப்பென்று ஒரு சத்தம்.

"பாவு அறுந்துருச்சுடோய்!" என்று கூட்டத்தில் எவனோ கத்தினான். வந்தவர்களில் பாதி நெசவாளிகள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அப்புறம் வியர்வை. காய்ந்த கஞ்சி இளகிக் களியாயிற்று. சட்டை முதுகில் ஒட்டியது, கை மட்டையில் ஒட்டியது. பந்து ஒருவன் தோளில் பட்டு அங்கேயே கொஞ்ச நேரம் தங்கிவிட்டுத்தான் கீழே விழுந்தது. (இதை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்பார்கள். நான் கண்ணால் பார்த்தேன்.) முதல் ஆட்டம் போயிற்று. கௌரவமாகக்கூடப் போகவில்லை.

தங்கவேலு என்னிடம் வந்து, "மேனேஜருங்களே, உங்க காலைப் பிடிக்கறேன், இதைக் கழட்டிக்கறமுங்க" என்றான். அரையிறுதிக்குச் சட்டை கட்டாயம் என்ற அம்பயரிடம் கெஞ்சிப் பனியனோடு ஆட அனுமதி வாங்கினேன். சட்டைகளைக் கயிற்று வேலியில் காயப் போட்டார்கள். இரண்டாவது ஆட்டத்தில் மில்காரர்களை ஓட ஓட விரட்டி ஜெயித்தார்கள். எனக்கு உயிர் வந்தது. இன்னும் ஒரே ஆட்டம். சரோஜாவை அப்போதே மனதுக்குள் குங்குமத்தோடு பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினர் ஜீப்பில் வந்து இறங்கினார். அம்பயர் ஓடி வந்து, "பெரியவங்க முன்னால பனியனோட ஆடறது மரியாதை இல்லீங்க, சட்டையைப் போட்டுக்கோங்க" என்றார். சட்டைகளை எடுக்க வேலிப் பக்கம் திரும்பினேன்.

அங்கே ஓர் ஆடு நின்றது.

எங்கள் தெருவில் பாவுக்குக் கஞ்சி போட்டால் பக்கத்தில் ஓர் ஆள் குச்சியோடு நிற்பார், ஆடு வந்து நக்கிவிடும் என்று. நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூட அங்கே இது தெரியும். மேனேஜரான எனக்குத்தான் மறந்துவிட்டது. அரிசிக் கஞ்சி, மூன்று பூச்சு, அதில் கலந்த கொஞ்சம் கடலை எண்ணெய் வேறு. ஆடு இரண்டு சட்டைகளை முடித்துவிட்டு மூன்றாவதில் காலர் வரைக்கும் வந்திருந்தது.

ஓடிப்போய்ச் சட்டையின் கையைப் பிடித்து இழுத்தேன். அது அந்தப் பக்கம் இழுத்தது. மைதானத்தில் இருந்த கூட்டம் முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது. ஆடு ஓடியது, நானும் கையை விடாமல் பின்னால் ஓடினேன். சிறப்பு விருந்தினர் எழுந்து நின்று பார்த்தார். அதற்குள் ஆட்டுக்காரம்மா வந்துவிட்டார். "ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? சினை ஆட்டப் போட்டு இந்த ஓட்டு ஓட்டறீங்களே! அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்களா பால் கறப்பீங்க?"

சட்டைக் கை மட்டும் என் கையில் வந்தது. அதோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது கந்தசாமி மாமா துணிப்பையை என்னிடம் நீட்டினார். உள்ளே அந்தப் பழைய ஐந்து நிறச் சட்டைகள்.

"சரோஜா குடுத்தனுப்புச்சுங்க. நீங்க கஞ்சி போடறதைப் பாத்துட்டு வந்து, கந்தல் மூட்டையில இருந்து எடுத்துத் தொவச்சு வெச்சுது" என்றார்.

பையை வாங்கித் தங்கவேலுவிடம் கொடுத்தேன். ஐவரும் பழைய சட்டையில் இறங்கினார்கள். கை தூக்கி ஆடினார்கள், உயிரைக் கொடுத்து ஆடினார்கள். கடைசிவரை சரிக்குச் சரியாக வந்து, கடைசிப் பந்து வலையில் பட்டு எங்கள் பக்கமே விழுந்தது. அந்த முதல் ஆட்டத்தை நான் கஞ்சியில் கரைக்காமல் இருந்தால் எங்கள் ஊர் இறுதிக்குப் போயிருக்கும். தங்கவேலு தரையில் உட்கார்ந்து அழுதான். நானும் அழுதேன். கந்தசாமி மாமா எல்லோருக்கும் பானகம் ஊற்றினார். எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தார். அப்போதுதான் அதை முதன்முதலாகக் குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு பெண் பார்க்கச் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்தேன். அம்மா அதற்குள் அவர்கள் வீட்டுக்குப் போய் வந்திருந்தாள். "சரோஜாவுக்குச் சம்மதமாம்" என்றாள். என்னால் நம்ப முடியவில்லை. "அந்தப் புள்ளையே சொல்லுச்சு. ஊரே சிரிச்சப்ப ஓடி ஒளியாம ஆட்டுக்குப் பின்னால ஓடினாருல்ல, அது போதுமுன்னு."

ஆவணியில் கல்யாணம். ஊரே வந்திருந்தது, பழனியும் தங்கவேலுவும் முன்வரிசையில். புதுச் சட்டை, புது வேட்டி, கடைக்காரர் போட்ட மொடமொடப்பு அப்படியே இருந்தது. மணவறையில் சரோஜாவைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தலைகுனிந்தே இருந்தாள். தாலி கட்டக் கையைத் தூக்கினேன். சட்டை மடமடவென்று சத்தம் போட்டது. அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியிராத பெண், தலையை நிமிர்த்தாமல், என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"ஆட்டக் கட்டியாச்சுங்களா?"