ட்ரெட்மில்லில் ஓடிய லேத்

மோர்னிங்சைட்டில் தமிழர் வாங்கிய ட்ரெட்மில்களில் உருப்படியாக வேலை செய்தவை எல்லாம் கியர் அண்ணையின் கராஜுக்குப் போனவைதான். மற்றவற்றில் நாங்கள் உடுப்புக் காயப்போட்டோம்.

அண்ணை எங்கள் அடுத்த வீட்டுக்காரர். எதற்கும் "கியர் பிழை" என்பார். என் மச்சானுக்கு வேலை போனபோதும் அதையேதான் சொன்னார். இரும்பு கடைகிற பழைய லேத் ஒன்றைக் கொண்டுவந்து, கார் நிற்கவேண்டிய கராஜில் வைத்திருந்தார். அதன் மோட்டர் வீட்டு மின்சாரத்தில் ஓடாது. ஆகவே ட்ரெட்மில் மோட்டர் தேடி அலைந்தார். செத்தவீட்டுக்குப் போனாலும் துக்கம் விசாரித்த கையோடு பேஸ்மென்டை எட்டிப் பார்ப்பார். என்னுடையதைக் கொண்டுபோனபோது, அதில் கிடந்த உடுப்புகளை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

அவர் மனைவியை அக்கா என்போம். அஜின்கோர்ட் கடைகளுக்கு இடியப்பம் கொடுப்பவர். பிழிகிற மெஷினின் திருகுத் தண்டு தேய்ந்துவிட்டது. அந்தப் பழைய மெஷினுக்குப் புதுத் தண்டு எங்கும் கிடைக்கவில்லை.

"இஞ்சருங்கோ, முதல் ஸ்நோவுக்கு முன்னம் தண்டைக் கடைஞ்சு தாங்கோ. இல்லாட்டி லேத் வெளியில, கார் உள்ளுக்கு," என்று அக்கா கெடு வைத்தார்.

ட்ரெட்மில் மோட்டரை லேத்தில் பூட்டி, அண்ணை சுவிட்சைப் போட்டார். ட்ரெட்மில் மோட்டருக்கு ஓட்டம்தானே தெரியும்? கத்தி கருகி, புகை கிளம்பி, அலாரம் அலற, நான் வாளியோடு ஓடினேன். வேகத்தைக் குறைத்தார். கத்தி இரும்பில் பட்டதும் மோட்டர் முனகிவிட்டு நின்றது. தண்டில் திருகுப் புரி வெட்ட வேகம் குறையவும் வேண்டும், பலம் குறையவும் கூடாது. அண்ணை அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "பிழை என்ர. நான் மோட்டரை நடக்கச் சொன்னனான். அது ஓடவேணும் தம்பி. தண்டுதான் நடக்கவேணும்."

மோட்டருக்குச் சின்னக் கப்பி, லேத்துக்குப் பெரிய கப்பி, நடுவில் இன்னொரு சோடி என்று பெல்ட் மாட்டினார். மோட்டர் தலைதெறிக்க ஓட, இரும்பு மணவறைக்கு வரும் பொம்பிளையின் வேகத்தில் சுற்றியது. அண்ணை மூச்சுவிடாமல் புரி வெட்டினார்.

அக்கா தண்டைப் பூட்டி, மாவைப் போட்டுச் சுற்றினார். இழை அறாமல் விழுந்தது.

"லேத் நிக்கட்டும்," என்றார்.

முதல் பனி விழுந்த காலையில் கராஜுக்குள் லேத் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே அக்கா தனியாகக் காரில் கிடந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். அண்ணையைக் கூப்பிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

இப்போது அவர்கள் பிறம்ரனில், மகளோடு இருக்கிறார்கள். அடுத்த வீட்டுக் கராஜில் ஒழுங்காக ஒரு கார் நிற்கிறது. அதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.