தோப்பா விளையா அண்ணாச்சி

தூத்துக்குடியிலேயே மரத்தைக் கண்டு நடுங்குகிற மனிதர் ஒருவர்தான் உண்டு. அவரும் எங்கள் ஆபீசுக்கே வந்து சேர்ந்தார். துறைமுகத்துச் சரக்குக்கு பில் போடும் ஆபீஸ். பின்பக்கத்து ஒற்றை வேப்பமரத்தைத் தாண்டி பாத்ரூம் போக அவருக்குத் துணை வேண்டும். பஸ்ஸில் போகும்போது நாலு மரம் சேர்ந்து தெரிந்தால் போதும், பக்கத்து சீட்காரர் கையைப் பிடித்துக்கொள்வார். "இது தோப்பா, விளையா?" என்பார். அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயரைக் கேட்டால் சொல்லமாட்டார்; சம்பள ரிஜிஸ்டரில்கூட இனிஷியல்தான்.

"எதுவா இருந்தா என்ன அண்ணாச்சி, மரந்தானே?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"ஏலே, தோப்புன்னா மனுசன் நட்டது. விளைன்னா பனை நிக்கும், ஏறுத ஆளு கூப்பிட்டா குரல் குடுப்பான். காடுன்னா தானா முளைச்சது, ஆடு மேயும். வனம்னா சாமிக்குன்னு விட்டு வச்சது. அதுக்குள்ள செருப்பு போடக்கூடாது. யார் பேரையும் சொல்லிக் கூப்பிடக்கூடாது. உள்ள இருக்கது பேரைப் படிச்சுக்கிடும். அப்புறம் அதுவே கூப்பிடும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

போன தசராவுக்கு ஆபீஸில் எல்லாரும் குடும்பத்தோடு குலசேகரன்பட்டினம் புறப்பட்டோம். செம்மணல் மேடான தேரி ஓரத்தில் வேன் பஞ்சர். டிரைவர் ஜாக்கியைத் தேடுவதற்குள் என் ஆறு வயது மகள் ஆட்டுக்குட்டி ஒன்றின் பின்னால் ஓடி மரக்கூட்டத்துக்குள் மறைந்துவிட்டாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஓர் இலை அசையவில்லை. முகப்பில் உடைந்த மண்குதிரை நின்றது. "வனம்லே" என்றார் அண்ணாச்சி.

மகளின் பெயர் என் வாய்வரை வந்துவிட்டது. பாய்ந்து வந்து பொத்தினார். உள்ளங்கை ஐஸாக இருந்தது. அன்று சிரித்த எனக்கு அந்தக் கையைத் தட்டிவிடத் தைரியம் இல்லை. பிள்ளை கிடைக்காவிட்டால்?

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முள்ளுக்குள் நடந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு பெயர் கேட்டது. அடித்தொண்டையில், திரும்பத் திரும்ப. நாங்கள் கேட்டே இராத பெயர்.

"யாரை அண்ணாச்சி கூப்பிடுதிய?" என்று டிரைவர் கத்தினார்.

"என்னையத்தாம்லே! புள்ளைக்குக் குரல் கேக்கணும்லா!"

ஒருவழியாகச் சிரிப்புச் சத்தம் வந்தது. அவர் விரலைப் பிடித்தபடி மகள் வெளியே வந்தாள். "அப்பா, மாமா அவுங்க பேரை அவுங்களே கூப்பிடுதாங்க!"

காலெல்லாம் முள். வேனில் ஏறியதும் முதல் வேலையாக ஜன்னலை இழுத்து மூடினார். "இனி அது என்னையக் கூப்பிடும்லே. நீங்க யாரும் பேர் சொல்லிராதிய. கூப்பிடுதது நீங்களா, அதுவான்னு தெரியாமப் போயிரும்."

நாங்கள் சொல்லவில்லை. வேப்பமரம் வரைக்கும் இப்போது நான்தான் துணைக்குப் போகிறேன். பெயர் எனக்குத் தெரியும். இங்கேயும் எழுதமாட்டேன், எங்கள் அண்ணாச்சி எங்களோடேயே இருக்கட்டும்.