பஞ்சுக்கு வந்த போட்டி

"பஞ்சு ஸ்டாக் இல்லைங்களே" என்று கீழ்பென்னாத்தூர் வியாபாரி சுப்பிரமணி போனில் சொன்னதும், "எப்பண்ணே வரும்?" என்றான் புகழேந்தி.

செங்கம் சாலையில் தியான மெத்தை தைத்து விற்பவன் புகழேந்தி. ஆசிரமத்துப் பக்கத்து விடுதி ஒன்று முதல்முறையாக அவனிடம் இருநூறு மெத்தை கேட்டிருந்தது. திங்கட்கிழமை வெள்ளைக்காரர்கள் வந்து உட்கார வேண்டும். சொன்னபடி கொடுத்தால் வருஷா வருஷம் அந்த ஆர்டர் அவனுக்குத்தான். உறையெல்லாம் தயார், உள்ளே திணிக்கத்தான் ஒன்றுமில்லை.

"மண்டியில சொல்லிக்கீறேன். நாளைக்கு அனுப்புறேன்" என்றார் சுப்பிரமணி.

நாளை என்ற சொல்லை நம்புகிற ஆளா புகழேந்தி? எஸ்.டி.டி. பூத்தை விட்டு இறங்காமலே போளூர் பஞ்சு வியாபாரி தருமனைப் பிடித்தான். "விலை கொஞ்சம் ஜாஸ்தி ஆனாலும் பரவாயில்லண்ணே" என்றான். எதற்கும் இருக்கட்டும் என்று செங்கத்து வியாபாரி காசியம்மாளிடமும் அதையே சொல்லி வைத்தான்.

மறுநாள் சுப்பிரமணி அலுத்துக்கொண்டார். "யாரோ ஜாஸ்தி வெலைக்குக் கேக்குறாங்களாம். மண்டிக்காரரு சரக்கை விட மாட்டேன்றாரு."

"நீங்களும் ஏத்திக் கேளுங்க."

மதியம் தருமனும் அதையே சொல்லிப் புலம்பினார். அவரிடமும் ஏற்றச் சொன்னான். சாயங்காலம் காசியம்மாளிடமும்.

"இன்னாங்க, பஞ்சு கெடைச்சுதா?" என்றாள் மனைவி மதிவதனி.

"எவனோ பெரிய கம்பெனிக்காரன் பூந்துட்டான்டி. நாம ஏத்த ஏத்த அவனும் ஏத்தினே போறான்."

"வெலை இப்படிப் போனா வைக்கோல்தான் திணிக்கணும். வெள்ளைக்காரங்களுக்கு இன்னா தெரியும்?"

"உக்காந்தா தெரியும்" என்றான் புகழேந்தி. பாவம், சிரிக்கக்கூடத் தெம்பில்லை அவனுக்கு.

ஞாயிறு காலை பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு வேன் நின்றது. உள்ளே கூரை வரை இலவம்பஞ்சு மூட்டைகள். புகழேந்தி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான்.

"இந்தச் சரக்கை எனக்குக் கொடுத்துடுங்க. இன்னா வெலை சொன்னாலும் சரி."

டீயை ஊதிக்கொண்டே டிரைவர் தலையாட்டினார்.

"முடியாதுங்க. கீழ்பென்னாத்தூர், போளூர், செங்கம், மூணு ஊரு யாவாரிங்களும் இதுக்கு அடிச்சிக்கிறாங்க. யாருக்குன்னு முடிவாகிற வரைக்கும் நடுவுல இங்கியே நிக்கச் சொல்லிட்டாரு மண்டிக்காரரு."

"அவங்களைவிட நான் ஜாஸ்தி தர்றேங்க."

"பாவம், நீங்க ஜெயிக்க முடியாதுங்க" என்றார் டிரைவர். "இந்த ஊர்ல புகழேந்தின்னு யாரோ பெரிய பார்ட்டியாம். மூணு பேருமே அவருக்குத்தான் வாங்குறாங்களாம்."