பேனரின் இரண்டு முனைகள்

அடைக்கலத் துறையில் மிக நியாயமான ஒரு விதி உண்டு. உயிருக்கு ஆபத்து என்று ஓடிவருபவர், அந்த ஆபத்தை விளைவிப்பவரிடமிருந்தே எழுத்துமூலமான அத்தாட்சி பெற்றுச் சமர்ப்பிக்க வேண்டும்.

தையல்காரரும் லாரி டிரைவரும் ஊருக்கு ஒன்றுவிட்ட சகோதரர்களாகவும் வீட்டுக்குள் தம்பதியாகவும் பன்னிரண்டு வருடம் வாழ்ந்தவர்கள். குட்டு உடைந்த அன்று கட்டிய துணியோடு எல்லை தாண்டினார்கள். விண்ணப்பம் தள்ளுபடியானால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே அரிவாளோடு காத்திருப்பவர் தையல்காரரின் சொந்த அண்ணன்.

வேறு வழியில்லாமல் அந்த அண்ணனுக்கே அத்தாட்சி கேட்டு எழுதிப் போட்டார். எந்தக் கடிதத்துக்கும் பதில் போடாத மனிதர், இதற்கு மட்டும் மறுதபாலில் போட்டார். தெருக்காரர்கள் நாற்பது பேரின் கையெழுத்து வேறு.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“‘உடனே கிளம்பி வாங்கடா. ரெண்டு பேரையும் ஒண்ணா வெட்டிப் புதைக்கிறோம்.’ வாங்கடான்னு உரிமையா கூப்பிட்டிருக்காரே!”

“அடுத்த வரியைப் பாருங்க சார்!”

“பார்த்தேன். ஒண்ணாங்கறார். உங்களைப் பிரிக்கிற எண்ணமே அவருக்கு இல்லை.”

கோப்பில் எழுதினார்: ‘குடும்பத்தார் இருவரையும் இணைந்தே வரவேற்கச் சித்தமாயுள்ளனர். ஆபத்து இல்லை.’

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். தையல்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெற்ற தாயிடம்கூடச் சொல்லாததை இந்த மேஜைக்கு முன்னால் சொல்லியிருந்தார்.

அந்நேரம் மேலிடத்திலிருந்து போன். அதிகாரி எழுந்து நின்று பேசிவிட்டு, வியர்வையைத் துடைத்தார்.

“தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு ஆதரவா எல்லா ஆபீஸும் வானவில் பேனரோட ஊர்வலம் போகுதாம். நம்மகிட்ட பேனரே இல்லையே!”

அவர் கண் விண்ணப்பத்தில் விழுந்தது. தொழில்: தையல்.

“தைச்சுத் தரேன் சார். ஆனா பேனருக்கு ரெண்டு முனை. ஒருத்தர் பிடிச்சா தொங்கிடும்.”

அதிகாரி கோப்பில் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினார்: ‘பேனர் பராமரிப்பாளர் இருவர். பேனர் உள்ளவரை தங்கலாம்.’

தையல்காரர் ஓரமெல்லாம் மூன்று தையல் போட்டார்.

ஊர்வலத்தில் முனைக்கு ஒருவராக இருவரும் பிடித்து வந்தார்கள். ‘அஞ்சி வந்தோர்க்கு இங்கே அடைக்கலம்’ என்று மின்னியது பேனர். தெருவே கைதட்டியது. ஒரு பத்திரிகைக்காரம்மா அதிகாரியிடம் கேட்டார்: “இதுவரை எத்தனை பேருக்குக் குடுத்திருக்கீங்க?”

“எங்கேம்மா! நாங்க தயாராத்தான் இருக்கோம். உண்மையான ஆள் ஒருத்தர்கூட இன்னும் வரலை.”

கூட்டம் ‘அடப்பாவமே’ என்று உச்சுக்கொட்டி, பேனருக்கு இன்னும் பலமாகக் கைதட்டியது. டிரைவர் ஆத்திரத்தில் தன் முனையை வெடுக்கென்று இழுத்தார்.

“மெதுவாப்பா,” என்றார் தையல்காரர். “கிழிஞ்சிடப் போகுது.”