அணில் வாலும் யானை மூப்பரின் ஜெபமும்

ஒரு காட்டில், நாவல் மரத்தடியில், ஒரு சபை கூடிவந்தது. காட்டில் ஏது சபை என்று கேட்பவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடலாம். மற்றவர்களுக்கு ஸ்தோத்திரம்.

சபையின் பாஸ்டர் ஒரு கொக்கு. ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, பசி எடுக்கும்வரை பிரசங்கம் செய்வார். மூப்பர் ஒரு யானை, பெயர் ஞானாபரணம். உடம்பைப் போலவே மனசும் பெரிசு. அவர் முழங்காலில் நின்று ஜெபிக்க ஆரம்பித்தால் வெயில் சாய்ந்த பிறகுதான் எழுந்திருப்பார்.

மூப்பருக்கு நேர் பின்னால் ஜெபகனி என்ற அணில் உட்காருவாள். அங்கேதான் வந்தது வினை. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் மூப்பர் கண்ணை மூடி, பின்னங்காலை மடித்து ஊன்றுவார். அடியில் ஜெபகனியின் வால் மாட்டிக்கொள்ளும். அவர் ஆமென் சொல்லி எழுந்திருக்கும்வரை அவள் கீச் கீச்சென்று அலறிக்கொண்டு கிடப்பாள். ஒருவரும் கண்ணைத் திறந்து பார்ப்பதில்லை. ஜெபத்தில் கண்ணைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடுவார் என்ற பயம்.

"அணிலுக்குள்ள எப்படி ஆவியோட அபிஷேகம் எறங்குது பாத்தீங்களா!" என்று கூட்டம் முடிந்ததும் சபை பூரித்துப்போகும்.

தள்ளி உட்கார வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். நீங்கள் எந்தச் சபைக்கும் ஒழுங்காகப் போனதில்லை போலிருக்கிறது. அது ஜெபகனியின் அம்மா உட்கார்ந்த இடம். வாலை விட்டாலும் விடுவாளே தவிர இடத்தை விடமாட்டாள். ஆனால் வாலும் லேசுப்பட்ட சமாசாரம் இல்லை. முடியெல்லாம் கொட்டி அது தேய்ந்துகொண்டே வந்தது. வால் போனால் அணிலால் கிளைக்குக் கிளை தாவ முடியாது, தாவாத அணிலுக்குச் சாப்பாடும் இல்லை. போன வாரம்தான் ஒரு கிளையைத் தவறவிட்டு, போயும் போயும் முள்ளம்பன்றி மேல் விழுந்திருந்தாள். ரொம்பவே பயந்துபோயிருந்தாள், பாவம்.

அந்தச் சமயம் பார்த்து கொக்குப் பாஸ்டர் அன்பின் திருத்தத்தைப் பற்றிப் பிரசங்கித்தார்.

"பிரியமானவங்களே, ஒருத்தர்கிட்ட குறையைக் கண்டா முதல்ல தனியாப் போய்ச் சொல்லணும். கேக்கலன்னா ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போகணும். அப்பவும் கேக்கலன்னா சபையில வைக்கணும். எப்பச் சொன்னாலும் முதல்ல பாராட்டு, அப்புறம்தான் குறை."

ஜெபகனி மறுநாளே மூப்பரைத் தேடிப் போனாள். அவர் மூங்கில் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உங்க ஜெபம்னா ஜெபம்தான். அந்தக் குரலும், அந்தக் கண்ணீரும்! நீங்க முழங்கால் போட்டா எனக்குள்ள என்னமோ பண்ணுது. ஆனா..."

ஆனாவுக்கு மேல் அவளால் போக முடியவில்லை. மூப்பருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தங்கச்சி, இவ்வளவு பாசமா ஒருத்தரும் எங்கிட்டப் பேசினதில்ல. வா, இப்பமே ஜெபிச்சிருவோம்!" என்று அங்கேயே முழங்கால் போட்டார்.

கீச்.

இரண்டாம் படிக்கு ஜெபகனி, கழுதை பாக்கியசிங்கையும் காகம் மெர்லினையும் கூப்பிட்டாள். நேரில் போக இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. யானை, அதிலும் மூப்பர்!

"நேர்ல போனா சண்டைன்னு நெனைப்பாங்க. வாட்ஸ்அப்ல ஜெபக்குறிப்பாப் போட்ருவோம்" என்றாள் காகம்.

"பேரோட போட்டா அது புறணில்லா?" என்றது கழுதை.

"பேரைப் போடாம போட்டாப் போச்சு."

அப்படியே போட்டாள்: 'அவசர ஜெபக்குறிப்பு. நம் சபையில் ஒருவர் பிறரை நசுக்குகிறார். பெயர் வேண்டாம். பெரிய உடம்பு. தும்பிக்கை உண்டு.'

முதல் பதில் மூப்பரிடமிருந்துதான் வந்தது. கும்பிடுகிற கைகள் வரிசையாக. அதன்கீழே, 'அந்தச் சகோதரர் யாராயிருந்தாலும் கர்த்தர் அவரோடு பேசட்டும். நான் இன்று உபவாசம்.' அவர் தின்னாமல் விட்ட மூங்கிலைக் கழுதை தின்றது.

மிச்சம் இருந்தது மூன்றாம் படி. வெள்ளிக்கிழமை எல்லோரும் கூடினார்கள். ஜெபகனி பாஸ்டரிடம் விஷயத்தைப் பச்சையாகச் சொல்லியே விட்டாள். பாஸ்டர் யோசித்தார். சபைக்கு முன்வரிசைப் பாய் வாங்கிப் போட்டது மூப்பர் ஆயிற்றே.

"பேர் சொல்ல வேண்டாம்மா, மனசு நோகும். எல்லாரும் மனபாரத்தோட ஜெபிப்போம், ஆண்டவர் உணர்த்துவார்" என்றார்.

எல்லோரும் முழங்கால் போட்டார்கள். மூப்பரும்தான். வால் மாட்டியது.

"நசுக்குறவங்களை உணர்த்தும் ஆண்டவரே!" என்று கழுதை கத்தியது.

"உணர்த்தும், உணர்த்தும்!" என்று எல்லோரையும்விட உரக்கக் கதறியவர் மூப்பர்தான். பிறகு தும்பிக்கையை வானத்துக்குத் தூக்கினார். "ஆண்டவரே! எனக்குப் பின்னால ஒரு தங்கச்சி வாராவாரம் அலறுதா. அவளைப் பிடிச்சிருக்க கட்டு எதுன்னு எனக்குத் தெரியல. அவமேல உள்ள பாரத்தாலதான் நான் இவ்வளவு நேரம் ஜெபிக்கேன். இன்னைக்கு அவளுக்கு விடுதலை கிடைக்காம இந்த முழங்காலை எடுக்க மாட்டேன்!"

அதற்கு மேல் ஜெபகனி பொறுக்கவில்லை. பாராட்டு, படி, பாரம் எல்லாவற்றையும் மறந்தாள். வாயைத் திறந்து, யானையின் முட்டியில் நறுக்கென்று ஒரு கடி வைத்தாள்.

மூப்பர் எழும்பிய எழும்பில் நாவல் மரம் ஆடியது. பழம் முழுக்கச் சபை மேல் கொட்டியது. எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். முதல்முறையாகத் தன் பின்னால் குனிந்து பார்த்த மூப்பர், தட்டையாகக் கிடந்த வாலைக் கண்டார்.

"ஐயோ, நானா? ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அப்பமே காலை எடுத்திருப்பேனே!" குழந்தை மாதிரி தேம்பினார்.

"நீங்க ஒரு தடவை திரும்பிப் பாத்து, நீ ஏன் கத்துதன்னு கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி?"

"கேட்டா உன் மனசு நோகும்னு நெனச்சேன்."

"நானும் அதைத்தான் நெனச்சேன்."

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். கதையை நான் இங்கே முடித்திருந்தால் நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் சபை சும்மா இருக்குமா? படிப்படியாகப் போகாமல் கடித்ததற்காக ஜெபகனியை அன்போடு கண்டித்து, பாஸ்டரின் கண்பார்வையில் இருக்கும்படி முன்வரிசைக்கு மாற்றினார்கள். மூப்பர் எல்லோர் முன்னிலும் எழுந்து நின்று, "இனி எந்த அணில் வால்மேலயும் முழங்கால் போட மாட்டேன்" என்று சாட்சி சொன்னார். சபை கைதட்டியது.

அடுத்த வெள்ளிக்கிழமை மூப்பர் சொன்ன வார்த்தை தவறாமல் பின்னால் திரும்பிப் பார்த்தார். அணில் இல்லை. ஸ்தோத்திரம் சொல்லி முழங்காலை ஊன்றினார். காலியான இடத்தை ஆசையாகப் பிடித்திருந்த கழுதை, காடே அதிரக் கத்தியது.

"அல்லேலூயா! பாக்கியசிங்குக்கும் அபிஷேகம்!" என்றது சபை.

ஜெபகனி மட்டும் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தாள். மூப்பரின் முட்டிக்கு அடியில் கழுதையின் வால். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் முன்வரிசைப் பாய் மெத்தென்று இருந்தது. தன் வாலில் அப்போதுதான் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. வாயை மூடினாள், கண்ணையும் மூடினாள். பாக்கியசிங் அண்ணனுக்காக மிகுந்த பாரத்தோடு ஜெபித்தாள்.

நீதி: வால் உள்ளவர்கள் முன்வரிசையில் உட்காரவும். பின்வரிசையில்தான் உட்காருவோம் என்பவர்கள் பல்லைத் தீட்டி வைத்துக்கொள்ளவும். இரண்டும் முடியாதவர்களுக்காகச் சபை கண்ணை மூடிக்கொண்டு ஊக்கமாக ஜெபிக்கும்.